குருசடி தாண்டி இரண்டு பர்லாங்கு

குருசடிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், என் கணவரின் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்திருக்குமா?

ஆறு மாதமாக இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். விழுந்திருக்காது என்று காலையில் தோன்றும். விழுந்தாலும் விழுந்திருக்கும் என்று உலை கொதிக்கும்போது தோன்றும். இந்த ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. அவர் பிழைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். ஆகவே சகோதரிகள் பயப்படாமல் படிக்கலாம். நாளைக்கு ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார நேரும் இன்னொரு பெண்ணுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

என் கணவர் மாட்டு டாக்டர். திண்டுக்கல்லில் குடியிருக்கிறோம். கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் மாடு கன்று போட முடியாமல் தவித்தாலும், ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நேரத்துக்குப் பஸ் இல்லாத ஊர்கள். அதனால் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். யுத்தம் முடிந்தபின் பட்டாளத்துச் சாமான்களை டிஸ்போசலில் விற்றார்கள் அல்லவா, அதில் அவருடைய சித்தப்பா எடுத்த வண்டி. அதோடு ஒரு தொப்பியும் வந்தது. பட்டாளத்தில் தபால் கொண்டுபோகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் போகும்போது போடுவதாம். வெளியே இரும்பு, உள்ளே தோலும் கான்வாஸும், மோவாய்க்குக் கீழே மாட்ட வார். தலையைத் தொடாமல் நடுவில் இரண்டு விரற்கடை இடம் விட்டுச் செய்திருப்பார்கள். அடி இரும்பில் விழும், தலைக்கு வந்து சேராது என்று அவர் விளக்குவார்.

இந்த வட்டாரத்தில் அப்படித் தொப்பி போட்டு வண்டி ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். எந்தச் சட்டமும் போடச் சொல்லவில்லை. கல்லூரியில் அவரோடு படித்தவர் ஒருவர் காளை உதைத்துத் தலையில் அடிபட்டு, பிறகு எழுத்தே மறந்துபோனாராம். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தலையின் மேல் ஒரு மரியாதை. கடைத்தெருவில் கேலி செய்வார்கள்.

“என்ன டாக்டரே, சட்டியத் தலையில கவுத்துக்கிட்டு வாரீக? வீட்டுல இன்னிக்குச் சமையல் இல்லையா?”

“உள்ள கொஞ்சந்தான் இருக்கு. அதுவும் சிந்திரக் கூடாதுல்ல?” என்பார் இவர்.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கோயிலுக்குள் பெண்கள் முக்காடு போட வேண்டும், ஆண்கள் தலையை மூடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கோயிலையோ, வழியோரத்தில் சிலுவை நட்ட குருசடியையோ கடந்து போகிற ஆண்கள் தலைப்பாகையை எடுத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள். என் அப்பா கொட்டுகிற மழையிலும் தலைத்துண்டை எடுத்துவிட்டுத்தான் கோயிலைத் தாண்டுவார். அப்படி வளர்ந்தவள் நான்.

ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் அந்தோணியார் குருசடி ஒன்று இருக்கிறது. ஒரு சிலுவையும் சின்ன மாடமும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் பின்னால் உட்கார்ந்து அந்த வழியாகப் போனேன். அவர் தொப்பியோடு அதைத் தாண்டினார். எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

“ஏங்க, சாமிக்கு முன்னால தலைய மூடிக்கிட்டா போவாங்க?”

“அந்தோணியாருக்கு என் தலையத் தெரியாதாக்கும்?”

சிரித்தாரே தவிர, திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி, வாரை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான். நாளாக ஆக, ஒவ்வொரு தடவையும் நின்று அவிழ்த்து மாட்டுவது அவருக்கு வேலையாகப் போயிற்று. வீட்டிலிருந்து கிளம்பும்போதே வாரை மாட்டாமல் விட்டுவிடுவார். குருசடி வந்ததும் நிற்காமலே இடக்கையால் தொப்பியைத் தூக்கிக் கைப்பிடியில் தொங்கவிடுவார். கொஞ்ச தூரம் போனதும் எடுத்துக் கவிழ்த்துக்கொள்வார். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் ஒரு காலை. காளியப்பன் என்ற விவசாயி ஆள் அனுப்பியிருந்தார். மாடு விடியற்காலையிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை என்று செய்தி. இவர் இரண்டு இட்டிலியை விழுங்கிவிட்டுக் கிளம்பினார். எங்கள் மகள் ரோசிக்கு மூன்று வயது. “அப்பா டாட்டா” என்றாள். நான் அடுப்பங்கரையில் இருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை.

பத்து மணி இருக்கும், வாசலில் ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் படியிறங்கி ஓடினேன்.

“மாட்டு டாக்டர் வீடு இதானக்கா? பதறாதீக. மூச்சு நல்லா இருக்கு. முட்டைக்கோசு மூடை மேல சாச்சுப் படுக்க வச்சுக் கொண்டாந்து ஆஸ்பத்திரில சேத்துட்டோம். நீங்க ஏறுங்க.”

அந்த லாரியிலேயே ஏறிப் போனேன். குருசடி தாண்டியதும் சாலையில் பரப்பியிருந்த கொள்ளில் வண்டி சறுக்கியதாம், தொப்பி கைப்பிடியில்தான் தொங்கியதாம், டிரைவர் வழியில் சொன்னார். பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா கேட்காமலேயே ரோசியைத் தூக்கிக்கொண்டார். அடுத்த பதினெட்டு நாளும் அவள் அங்கேதான் சாப்பிட்டாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி அது. அவர் தூங்குகிறவரைப் போலப் படுத்திருந்தார். வலது காதிலிருந்து கோடாக ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. உடம்பில் வேறு பெரிய காயம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கிள்ளினால் முகத்தைச் சுளித்தார்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையானவர். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள் என்று தெரிந்ததும் உட்காரவைத்து விளக்கினார். “சொம்பு நிறையத் தண்ணியோட ஓடுறீங்க, சட்டுன்னு நிக்கிறீங்க. சொம்பு நின்னுரும், தண்ணி நிக்குமா? மோதி அலம்பும். தலைக்குள்ள மூளை அப்படி அலம்பியிருக்கு. அதான் நினைவில்லை. இது தானாத் தெளியலாம். நாம பயப்பட வேண்டியது வேற ஒண்ணு. உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டிக்கிட்டா மூளைய அமுக்கும். அதை மட்டும் விடாமக் கவனிக்கணும்.”

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காதுக்கு மேலே தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல ஒரு கோடு. நான் அதைத் தூசி என்று நினைத்துத் துடைக்கக் கையை நீட்டிவிட்டேன். அதுதான் விரிசல்.

கசிவை எப்படிக் கவனிக்கிறார்கள் என்றால், அரைமணிக்கு ஒரு தடவை கண் இமையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்ணின் பாப்பாவும் ஒரே அளவாகச் சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் சுருங்காமல் பெரிதாக நின்றால் ஆபத்து. நாடியும் பார்ப்பார்கள். வேகமாக ஓடுகிற நாடியை விட, வரவர மெதுவாகிக்கொண்டே போகிற நாடிதான் மோசமாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றியிருந்தது. நாடி குறைந்தால் அமைதியாகத் தூங்குகிறார் என்றுதான் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்படி இன்னும் எதை எதையெல்லாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று பயம் வந்தது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வரச் சொல்லி, சிஸ்டர் பார்க்கும்போதெல்லாம் நானும் நேரம், நாடி, பாப்பா என்று எழுதிக்கொண்டேன். அதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு இருந்தது. கையில் பென்சில் இருந்தவரை நான் அழவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்த நோட்டில் நாடி எழுபத்தாறு, எழுபது, அறுபத்திரண்டு என்று இறங்கியது. சிஸ்டர் வேகமாக வெளியே போனார். டாக்டர் வந்து பார்த்தார். மதுரையிலிருந்து ஓர் அறுவை டாக்டரை வரவழைக்கப்போவதாகச் சொன்னார். கசிவு என்றால் மண்டை ஓட்டில் சின்னதாகத் துளை போட்டு ரத்தத்தை வெளியே எடுக்க வேண்டும். இந்த நிலையில் அவரைச் சாலையில் குலுக்கிக்கொண்டு போக முடியாது. நான் கையெழுத்துப் போட வேண்டும்.

காகிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கத்தில் நின்ற என் மாமியாரைப் பார்த்தேன். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுவிட்டேன்.

தலையை மழிக்க நாவிதர் வந்தார். எங்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை. எது நடந்தாலும் அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அத்தை, நாந்தான் தொப்பியக் கழட்டச் சொன்னேன்.”

“எந்தத் தொப்பிய?”

குருசடியில் தொடங்கி, மாட்டாமல் விட்ட வார் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. மென்றுகொண்டே கேட்டார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். நான் அடிவாங்கத் தயாராக இருக்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தேன்.

“ஏத்தா, அவனைப் பெத்து வளத்து முப்பத்தோரு வருசமாச்சு. நான் சொன்ன எதையாச்சும் கேட்டிருக்கானா? நீ சொன்னதைக் கேட்டான்னு இப்பத்தான் தெரியுது.”

“கேலி பண்ணாதீங்க அத்தை.”

“கேலி இல்ல. நானும் ஒண்ணு சொல்லியிருக்கேன். அந்த இரும்பக் கவுத்துக்கிட்டுத் திரிஞ்சா முடி கொட்டிப்போகும்டான்னு சொன்னேன். நெதம் சொன்னேன்.” அவர் அறையின் கதவைப் பார்த்தார். உள்ளே நாவிதரின் கத்தி சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது. “இப்பக் கொட்டுது பாரு, மொத்தமா.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் அழுதோம். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை இன்னொன்றும் சொன்னார். “உங்க மாமா மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பீடத்துக்கு முன்னால மண்டிபோட்டுப் பூசையில நன்மை அப்பம் வாங்குனாரு. கண்ணாடியக் கழட்டுனாத்தான் குடுப்பேன்னு எந்தச் சாமியாராச்சும் சொன்னாரா? கண்ணுக்குக் கண்ணாடி. தலைக்கு அது. சாமிக்கு இதெல்லாம் வெளங்காதாக்கும்.” இவ்வளவு படித்த எனக்கு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

மதுரை டாக்டர் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். முழங்காலைத் தட்டினார், உள்ளங்காலைக் கீறினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். பாப்பா இரண்டும் சமமாகவே சுருங்கின. நாடியும் அறுபத்திரண்டுக்குக் கீழே போகவில்லை. “கருவியெல்லாம் தயாரா இருக்கட்டும். ஆனா காலை வரைக்கும் பொறுத்துப் பாப்போம்” என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார்.

விடிந்தபின் அவர் மறுபடி வந்து என் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். இவர் கண்ணைத் திறக்காமலே, கணீரென்று பேசினார்.

“ஏலே, வாலைப் பிடிடா! வாலைப் பிடிக்காம அங்க என்னடா வேடிக்கை?”

மதுரை டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு சிஸ்டரிடம், “மாடு பாக்குறவர்னு சொன்னீங்களே, சரிதான். நம்மளை வாலைப் பிடிக்கச் சொல்றாரு” என்றார். சிஸ்டர் முந்தின நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். அத்தை தரையில் மண்டிபோட்டுவிட்டார். துளை போட வேண்டிய அவசியம் வரவில்லை. மழித்த தலையும் என் கையெழுத்தும்தான் மிச்சம்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் ஆபத்தில்லாதவை. ஆனாலும் எனக்கு அவைதான் கஷ்டமாக இருந்தன. நினைவு வந்தவருக்கு நினைவு நிற்கவில்லை. கால்மணிக்கு ஒரு தடவை, “நான் எப்படி இங்க வந்தேன்?” என்று புதிதாகக் கேட்பார். இப்படித்தான் இருக்கும், ஒரு வாரத்தில் சரியாகும், கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரே வாய்ப்பாட்டை நாற்பது தடவை சொல்லிக்கொடுத்தவளுக்கு அது பெரிதில்லை. ஆனால் என் பதில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் முட்டும்.

“காளியப்பன் மாட்டைப் பாக்கப் போனீங்க. ரோட்டுல கொள்ளு பரப்பியிருந்தது. சறுக்கி விழுந்துட்டீங்க.”

“தொப்பி போட்டிருந்தேனா?”

“இல்லை.”

“ஏன்?”

அங்கே நான் சொல்லியாக வேண்டும். முதல் தடவை சொன்னபோது சிரித்தார். “அந்தோணியாரைக் கூப்பிடு, கேப்போம்” என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. கால்மணி கழித்து மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். “உனக்கு அறிவிருக்கா?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அடுத்த தடவை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னொரு தடவை, “நீ சொல்லி நான் எதைடி கேட்டேன்?” என்று ஆச்சரியப்பட்டார். ஒரு தடவை நான் பாதியில் இருக்கும்போதே பசிக்கிறது என்றார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதைப் போல, அந்த வாரம் முழுவதும் நான் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தீர்ப்பு வேறாக வந்தது. சில சமயம் பயந்து, அந்த இடம் வந்ததும், “தெரியலைங்க” என்று சொல்லி நழுவிவிட்டேன். அப்படிச் சொன்ன தடவைகளில்தான் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

அவருக்குப் பேச்சு வந்த அன்று மத்தியானமே காளியப்பன் வந்தார். ஒரு கையில் சீம்பால் நிறைந்த தூக்குச்சட்டி. இன்னொரு கையில் அந்தத் தொப்பி. தொப்பி நிறையக் கத்தரிக்காய். காயைக் கொட்ட இடம் தெரியாமல் வார்டு வாசலிலேயே நின்றார். அதே நேரம் விபத்தை எழுதிக்கொள்ள ஏட்டு ஒருவரும் வந்து சேர்ந்தார்.

“எம்புட்டு வேகத்துல போனாரு? லைசென்சு இருக்கா? வண்டிக்கு விளக்கு எரியுமா?” என்று ஏட்டு வரிசையாகக் கேட்டார்.

“பகல்ல விளக்கு எதுக்குங்க?” என்றேன்.

“சட்டத்துல இருக்கும்மா. விளக்கில்லாமச் சைக்கிள்ல போனாலே பிடிப்போம்.”

“தலைக்கு ஏதாவது போட்டிருக்கணும்னு சட்டத்துல இல்லையா?”

அவர் சிரித்தார். “அவங்கவங்க தலை அவங்கவங்களுக்கு. அதுக்கு எங்கிட்டும்மா சட்டம்?”

“விளக்கு மட்டும் அவங்கவங்க விளக்கு இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி சரியானதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இன்னொருத்தர் மேல் மோதாமல் இருக்கச் சட்டம் இருக்கும்போது, தலை பிழைக்கவும் ஒரு சட்டம் வந்தால் என்ன? அப்படி ஒன்று இருந்திருந்தால், குருசடியில் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வந்திருக்காது. சட்டம்டி, கழற்ற முடியாது என்று அவரும் சொல்லியிருப்பார்.

காளியப்பன் குறுக்கே வந்தார். “ஏனுங்க ஏட்டய்யா, கேஸை எம் பேர்ல எழுதிக்கோங்க. ரோட்டுல கொள்ளுச் செடியப் பரப்புனது நாந்தானுங்க.”

எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்வது. கொள்ளு, சோளம், கேழ்வரகு எதுவானாலும் அறுத்துத் தார்ச் சாலையில் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறிப் போகப் போக மணி உதிர்ந்துவிடும். லாரிக்கு அதனால் ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்துக்குக் கீழே உருண்டைக் கொள்ளு வந்தால் கண்ணாடிக் குண்டின் மேல் போவதைப் போலத்தான்.

“என் மாமனாரே பரப்புறாருய்யா. யார் மேலன்னு கேஸ் போட?” என்றார் ஏட்டு.

காளியப்பன் என் பக்கம் திரும்பினார். “சாமிகிட்ட வந்ததும் அய்யா தொப்பியக் கழட்டித் தொங்கவிட்டாருங்கம்மா. நான் அந்தப் பக்கம் வரப்புல நின்னு, சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு ரெண்டு கையையும் வீசிக் கூப்பிட்டனுங்க. நான் அப்படிக் கூப்பிடாம இருந்திருந்தா மறுபடி எடுத்துப் போட்டிருப்பாருங்க. எப்பவும் போடுவாருங்க. அன்னிக்குப் போடலீங்க.”

குருசடிக்கும் அவர் விழுந்த இடத்துக்கும் இரண்டு பர்லாங்கு, அதாவது கால் மைல். அதற்குள் அவர் தொப்பியை எடுத்துப் போடவில்லை. என் சொல்லா, காளியப்பனின் அவசரமா, வெயிலா? மாட்டைப் பற்றிய யோசனையில் மறந்தே போனாரா? போட்டிருந்தாலும் வார் மாட்டாத தொப்பி விழுகிற வேகத்தில் தலையில் நின்றிருக்குமா?

“மாடு என்னாச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

“நாங்களே நாலு பேர் சேந்து கன்னை இழுத்துட்டோமுங்க. கிடாரிக் கன்னு. நல்லா இருக்குதுங்க. அய்யாகிட்டச் சொல்லுங்க.”

கேஸ் வேண்டாம் என்று ஏட்டிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் கொள்ளுச் செடியைக் களத்திலேயே அடித்துக்கொள்வதாகக் காளியப்பன் வாக்குக் கொடுத்தார். சீம்பாலை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் தடுத்தார். அத்தை அதை வாங்கிப் பக்கத்துப் படுக்கைகளைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார். நான் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. சின்னதாக ஒரு பள்ளமாவது விழுந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மொட்டைத் தலையோடு அவர் வாடகை வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து எதிர்க் கடைக்காரர், “என்ன டாக்டரே, வேதக்காரக பழனிக்கும் போக ஆரம்பிச்சுட்டீகளா?” என்றார். “வழி தவறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்யா. அங்க பிரசாதம் கஞ்சிதான்” என்றார் இவர். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவர் முழுசாகத் திரும்பிவிட்டார் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

நினைவு நிற்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மத்தியானம் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை, கடைசியாக, சொன்னேன். இந்தத் தடவை மறக்க மாட்டார் என்பதால் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

“இட்டிலி சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் சிஸ்டரோட டார்ச்சுதான். நடுவுல ஒண்ணுமே இல்லை. ஏன் திரும்பப் போடலைன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல? மாடு வாய் திறந்து சொல்லாது, நாமதான் பாத்துக் கண்டுபிடிக்கணும். இதுல மாடும் நாந்தான், டாக்டரும் நாந்தான். எனக்குத் தெரியலைடி.”

வீட்டிலிருந்து கிளம்பியது முதல் விழுந்தது வரைக்குமான அந்த நேரம் இனி ஒருபோதும் திரும்பி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆகவே என் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் பதில் இல்லை. இதோடு வாழப் பழகிக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. மூன்று மாதம் கழித்து அவர் வண்டியை எடுத்தார். வாரை மோவாய்க்குக் கீழே மாட்டி, அதற்குள் ஒரு விரல் போகிறதா என்று நானே பார்த்துத்தான் அனுப்புகிறேன். குருசடி வந்தால் வேகத்தைக் குறைத்துத் தலையைக் குனிகிறார். கழற்றுவதில்லை. சாலையில் எதையாவது பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன். தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும், ஒரு நாளாவது பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். இரண்டு கண்ணின் பாப்பாவையும் பாருங்கள். தூங்குகிறாரே என்று விட்டுவிடாமல் எழுப்பிப் பாருங்கள். டாக்டர் சொன்னது விளங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள். நான் நாலு தடவை கேட்டேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

என் அம்மா வீடு வேடசந்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விபத்துக்கு முன்னால் நாங்கள் மோட்டார் சைக்கிளில்தான் போவோம். நான் பின்னால் ஒருபக்கமாக உட்காருவேன், ரோசி முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்காருவாள். போன வாரம் அவர் மறுபடி அப்படிப் போகலாம் என்றார். வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தும் பார்த்தோம். அவர் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். நான் அதைக் கழற்றி ரோசியின் தலையில் வைத்தேன். அது மூக்கைத் தாண்டி மோவாய் வரை இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து, “அம்மா, ராத்திரியாயிருச்சு” என்று கத்தினாள். மறுபடி அவர் தலையிலேயே வைத்துவிட்டு நான் இறங்கிவிட்டேன். அன்று போகவில்லை.

ஓட்டுகிறவர் தலைதான் முதலில் என்கிறார் அத்தை. பெண்டாட்டி பிள்ளையை வெறுந்தலையோடு வைத்துக்கொண்டு நான் மட்டும் எப்படிப் போட்டுக்கொள்வது என்கிறார் இவர். இரண்டும் நியாயமாகவே படுகிறது. தோல் வேலை செய்கிறவர் ஒருவரிடம் கேட்டேன். தோலில் குல்லாய் தைத்துத் தருகிறேன், இரும்பு என் வேலையில்லை என்றார். நான்தான் தேவைக்கு மேல் பயப்படுகிறேனோ? எத்தனையோ குடும்பங்கள் வெறுந்தலையோடு போய்ப் பத்திரமாக வந்துகொண்டுதானே இருக்கின்றன?

உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெண்களும் குழந்தைகளும் போடக்கூடிய இந்த மாதிரித் தொப்பி சென்னையிலோ வேறு ஊரிலோ கிடைக்கிறதா? செய்து தரக்கூடியவர் யாராவது உண்டா? இல்லை, இனி எப்போதும் பஸ்ஸிலேயே போவதுதான் புத்தியா? தெரிந்தவர்கள் தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். காதுக்கு மேலாக நூலைச் சுற்றி அளந்து வைத்திருக்கிறேன். எனக்கு இருபத்தொன்றரை அங்குலம். ரோசிக்குப் பத்தொன்பது. அவள் வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.